வியன்னாவில் ஐந்து மாதங்கள்

ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பிய நம்மவர்கள் எழுதிய பிரயாணக் கட்டுரைகளைப் பாடசாலை நாட்களிலிருந்தே விரும்பிப் படித்து வந்திருக்கிறேன். பனி மூடிய சிகரங்கள், பழைய தேவாலயங்கள், சித்திரசாலைகள், நேரந் தவறாத புகையிரதங்கள் என்பன அவற்றிலே நிறைந்திருக்கும். ஆனால் அப்புகையிரதப் பெட்டிகளை இரவிலே கழுவுபவர் யார், அச்சித்திரசாலையின் வாயிலில் நிற்கும் காவலாளி எங்கே குடியிருக்கிறார், அவர் தம் சம்பளத்தில் எவ்வளவை வாடகைக்குக் கொடுக்கிறார் என்பன போன்ற வினாக்களுக்கு அவற்றில் விடை கிடைப்பது அரிது. இதனை நான் ஒரு குற்றச்சாட்டாகக் கூறவில்லை. பிரயாணியின் கண் அவன் வர்க்கத்தின் கண்ணாகவே இருத்தல் இயல்பு. ஆதலால் நான் எந்தக் கண்ணோடு போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

நான் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவர். அம்மாயியும் ஐம்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயிலும் எனக்கு, 2023 ஒக்டோபர் தொடக்கம் 2024 பெப்ரவரி வரையான ஒரு பருவத்தை வியன்னாப் பல்கலைக்கழகத்திலே கழிக்க எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தது. 1987இல் ஐரோப்பிய மாணவர்கள் தம்முள் நாடு மாறிப் படிப்பதற்கென ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டம், பிற்காலத்தில் நம்மைப் போன்ற நாடுகளுக்கும் கதவைச் சிறிதளவு திறந்துவிட்டிருக்கிறது. குளிருடைகளுக்கான பணத்தை நான் படித்த தோட்டப் பாடசாலையின் ஆசிரியர்கள் தமக்குள் சேர்த்துத் தந்தார்கள்.

கடவுச்சீட்டு வந்த அன்று அம்மாயி அதனை நெடுநேரம் கையில் வைத்துப் புரட்டிக் கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் பிறந்தது 1948இல். அவ்வாண்டிலே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் எம்மவரில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக்கிற்று. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவருடைய தமையனார் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தங்கை இங்கேயே நின்றார். 1988இன் சட்டத்தின் பின்னரே அவர் கையில் இந்நாட்டுப் பிரசை என்று சொல்லும் காகிதம் வந்தது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. “இந்தப் பொஸ்தகம் இருந்தா எல்லா ஊருக்கும் விடுவாங்களா?” என்று கேட்டார். “கேட்டுக் கேட்டுத்தான் விடுவாங்க அம்மாயி” என்றேன்.

வியன்னாப் பல்கலைக்கழகம் 1365இல் நிறுவப்பட்டது. அதன் தூண்களையும் படிக்கட்டுகளையும் பற்றி எழுத என்னிலும் தகுதியானவர்கள் உளர். நகரின் புகழ்பெற்ற கோப்பிச் சாலைகளைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அங்கே ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசில் விடுதியின் சமையலறையில் இருநாள் சமைத்தேன். ஒரு கணக்கை மாத்திரம் சொல்கிறேன். நகரப் புகையிரதத்தில் ஒருமுறை ஏறுவதற்கான சீட்டு அப்பொழுது 2 யூரோ 40 சதம். அம்மாவின் நாட்கூலி, 2021இல் நிர்ணயிக்கப்பட்டவாறு 1,000 ரூபா. அன்றைய நாணய மாற்றில் அது மூன்று யூரோவைத் தொடவில்லை. நாள் முழுவதும் மலையிலே நின்று, நிறை குறையாமல் பறித்து, முழுப்பேர் போட்டால் வியன்னாவில் ஒருமுறை புகையிரதம் ஏறலாம். திரும்பி வர முடியாது. முதல் மாதம் முழுவதும் நான் பெரும்பாலும் நடந்தே திரிந்தேன்.

அவ்வாறு நடந்து திரிந்தவொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ஹைலிகன்ஸ்ராட் புகையிரத நிலையத்தின் எதிரே வந்து நின்றேன். அங்கே செம்மையும் மஞ்சளுமாக, கொடிக்கம்பங்கள் நிமிர்ந்த கோபுரங்களோடும் பெரிய வளைவு வாயில்களோடும் ஒரு கட்டடம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டு கிடந்தது. அதன் நீளம் ஒரு கிலோமீற்றருக்கும் அதிகம். அதுவே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். எவ்வரசனும் வாழ்வதற்காக அது கட்டப்படவில்லை. 1927க்கும் 1930க்கும் இடையில், நகர சபை தன் செலவில், தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டியது. கட்டடக்கலைஞர் கார்ல் ஏன். ஏறத்தாழ 1,380 வீடுகள். நிலத்தின் ஐந்திலொரு பங்கிலும் குறைவான இடத்திலேதான் கட்டடம் எழுந்திருக்கிறது. மீதியெல்லாம் மரங்களும் புல்வெளியும் பிள்ளைகள் விளையாடும் முற்றங்களும். சலவைக் கூடங்கள், குளிப்பறைகள், பாலர் பாடசாலைகள், பல் வைத்திய நிலையம், நூலகம் ஆகியன உள்ளேயே இருந்தன. வளைவுகளுக்கு மேலே நான்கு சிலைகள்: விடுதலை, நலப்பராமரிப்பு, அறிவொளி, உடற்பண்பாடு.

இந்நகரின் தொழிலாளர் அதற்குமுன் எவ்வாறு வாழ்ந்தனர்? பழைய குடியிருப்புக் கட்டடங்களில் வீட்டினுள்ளே தண்ணீர் இல்லை. நடைவழியிலே பொதுவாக ஒரு குழாய். அதற்குப் ‘பசேனா’ என்று பெயர். பெண்கள் அங்கே வாளிகளோடு காத்து நிற்பார்கள், ஊர்க்கதையெல்லாம் அங்கேதான். மலசலகூடமும் நடைவழியில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. வீடில்லாதவர்கள் ஒரு கட்டிலை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து உறங்கினர். இரவு வேலைக்காரன் எழுந்து போனதும் பகல் வேலைக்காரன் அதே கட்டிலில் படுத்தான். காசநோய்க்கு ‘வியன்னா நோய்’ என்ற பெயரே வழங்கிற்று. இவற்றை அங்குள்ள பழைய சலவைக்கூடத்தில் அமைந்திருக்கும் சிறு காட்சியகத்தில் பார்த்தபோது, எங்கள் லயத்துப் பீலிக்கரை என் கண்முன்னே வந்து நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். அது ஏறத்தாழ 11 சதுர மீற்றர். நகர சபை முதலிலே கட்டிய வீடுகளில் சிறியவை 38 சதுர மீற்றர். அவற்றைச் சிறியவை என்று வரலாற்றாசிரியர் குறைகூறுகின்றனர். அக்குறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் குறை நியாயமானதே. வீட்டுக்குள் குளியலறை இருக்கவில்லை. ஆயின் ஒவ்வொரு வீட்டினுள்ளும் தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் இருந்தன. 1930இல்!

பணம் எங்கிருந்து வந்தது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். போரிலே தோற்று, சாம்ராச்சியம் சிதைந்து, பணவீக்கத்தில் மூழ்கிய வறிய நாட்டின் தலைநகர் அது. 1919இல் நகர சபையைக் கைப்பற்றிய சமூக ஜனநாயகவாதிகள், நிதிப்பொறுப்பை ஹியூகோ பிரைட்னர் என்பவரிடம் ஒப்படைத்தனர். அவர் முன்னர் வங்கி நிருவாகியாக இருந்தவர். பணம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அறிந்தவர். 1923இல் அவர் வீடமைப்பு வரியை விதித்தார். சிறு வீட்டில் இருப்பவன் சொற்பம் கொடுத்தான். மாளிகையில் இருப்பவன் மிக அதிகம் கொடுத்தான். மோட்டார் வண்டிக்கு வரி, பந்தயக் குதிரைக்கு வரி, வேலைக்காரரை மிகுதியாக வைத்திருப்போருக்கு வரி. பத்தாண்டுகளில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இன்றும் அந்நகர மக்களில் நால்வரில் ஒருவர் நகர சபையின் வீடுகளில் வாழ்கிறார். ‘நாடு வறிய நாடு, என் செய்வது’ என்று நம்மிடம் காலங்காலமாகக் கூறப்பட்டு வரும் பதில் எனக்கு இப்பொழுது செவியில் ஏறுவதில்லை.

எனினும், புகழ்ந்துவிட்டுப் போவது நம் வழக்கமாகிவிடக் கூடாது. எங்கள் மாணவர் விடுதியைக் கூட்டித் துடைக்க வரும் சேர்பியப் பெண்ணொருத்தி இருந்தார். இருபது வயதில் வந்து, முப்பதாண்டுகளாக அந்நகரின் அறைகளைத் துடைத்தவர். என் அரைகுறை ஜேர்மன் மொழியைக் கேட்டுத் திருத்துவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி. கார்ல் மார்க்ஸ் ஹோஃபைப் பற்றி நான் பெருமையாகப் பேசியபோது, “எங்களுக்கு அது கிடையாதே” என்றார். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த தொழிலாளருக்கு 2006ஆம் ஆண்டு வரையில் நகர சபை வீடுகள் பெரும்பாலும் மூடப்பட்டேயிருந்தன. அவர் தம் இரு பிள்ளைகளையும் வளர்த்தது, மலசலகூடம் நடைவழியில் இருந்த ஒரு தனியார் வீட்டில். அதாவது, உள்ளூர்த் தொழிலாளி விட்டு வெளியேறிய பசேனாவுக்குப் பிறநாட்டுத் தொழிலாளி வந்து சேர்ந்தான். தொழிலாளர் ஒற்றுமை கடவுச்சீட்டைக் கண்டதும் தயங்கி நிற்கும் இந்த இடத்தை இடதுசாரிகளாகிய நாம் நேராகப் பார்த்துப் பேசியாக வேண்டும்.

வகுப்புகளைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பலவற்றில் நான் பேசாமலே இருந்தேன். ஒன்றில் மட்டும் பேசினேன். அது மரியந்தால் பற்றிய வகுப்பு. வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நொய்சீட்ல் என்னும் ஊரில் ஒரு நெசவாலையும் அதனைச் சார்ந்த தொழிலாளர் குடியிருப்பும் இருந்தன. உலகப் பொருளாதார நெருக்கடியின்போது ஆலை மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. 1931இன் பிற்பகுதியில் மரீ யஹோடா, போல் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்தம் தோழர்களும் அங்கே சென்று, வேலையின்மை மனிதனை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தனர். வேலையில்லாதவனுக்கு ஓய்வு நேரம் மிகுதி. ஆகவே அவன் படிப்பான், அரசியல் பேசுவான், கிளர்ந்தெழுவான் என்று பலரும் எண்ணியிருந்தனர். அவர்கள் கண்டதோ அதற்கு மாறானது. தொழிலாளர் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தெருவிலே ஆண்களின் நடை தளர்ந்தது. ஒளிந்திருந்து கடிகாரம் பிடித்து அதனையும் அளந்தார்கள். ஆண்களுக்கு நேரம் என்பதே பொருளற்றுப் போயிற்று. பெண்களுக்கு மாத்திரம் நாள் போதவில்லை: சமையல், தையல், பிள்ளைகள்.

ஆராய்ச்சியாளர் வெறும் பார்வையாளராக அவ்வூருக்குள் போகவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. துணிகள் சேகரித்துக் கொடுத்தனர். வைத்திய ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தனர். தையல் வகுப்பு நடத்தினர். ஊராருக்கு ஏதேனும் ஒரு பயன் செய்யாமல் எவரும் அங்கே தங்கலாகாது என்பது அவர்களுடைய விதி. எங்கள் தோட்டங்களுக்கு வினாக்கொத்தோடு வந்து, இஸ்தோப்பில் இருந்து தேநீர் குடித்து, படம் பிடித்துச் சென்று, பின்னர் ஒரு கடிதமும் போடாத ஆராய்ச்சியாளர் எத்தனை பேரை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன்! இதனைத்தான் வகுப்பிலே எழுந்து சொன்னேன். நூல் 1933இல் வெளிவந்தது. ஆசிரியர்கள் யூதர்களாகையால் முகப்பில் அவர்களுடைய பெயர்கள் அச்சிடப்படவில்லை. யஹோடா 1936இல் சிறையிடப்பட்டு, மறு ஆண்டு இங்கிலாந்துக்குப் போனார். நான் அவ்வூருக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். குடியிருப்பு வரிசைகள் சில இன்னும் நிற்கின்றன. தாழ்ந்த, நீண்ட, ஒரே கூரைக் கட்டடங்கள். நான் அவற்றின் முன்னால் நின்று படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். “எந்தத் தோட்டம் இது?” என்று பதில் வந்தது.

நத்தார் விடுமுறையில் பிரயாணம் செய்தேன். பிராட்டிஸ்லாவா வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரம். புடாபெஸ்ட் இரண்டரை மணி நேரம். அழகிய நகரங்கள், அங்கே நான் கண்டவை நீங்கள் படங்களிற் கண்டவையே. நாட்டுக்கு நாடு எல்லையின்றிப் போகலாம் என்ற பேறு, 1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரிலே கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையால் வந்தது. இரு பெரும் போர்களில் கோடிக்கணக்கானோரைப் பலிகொடுத்த கண்டம் தன் எல்லைகளில் காவலைத் தளர்த்தியது சிறிய காரியமன்று. அதனை நான் மனமார மெச்சுகிறேன். ஆயினும் ஓர் எல்லையிலே புகையிரதம் சற்று அதிக நேரம் நின்றது. சீருடை தரித்த இருவர் எங்கள் பெட்டியில் ஏறினார்கள். பெட்டியில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். நால்வரிடம் மட்டும் கடவுச்சீட்டுக் கேட்கப்பட்டது: எனக்கு எதிரே இருந்த ஆபிரிக்க இளைஞன், முக்காடிட்ட ஒரு தாய், அவளுடைய மகன், நான். என்னுடையதை விளக்கின் கீழே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த முதியவர், தம்முடையதையும் பார்க்கும்படி தாமாகவே எழுந்து நீட்டினார். அவர்கள் வேண்டாமென்று கையசைத்தனர். அவர் விடவில்லை; பார்த்தேயாக வேண்டும் என்று உரத்துச் சொன்னார். பார்த்தார்கள். அவர் பெயரையும் நான் கேட்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார்.

பாரிசில் பேர் லஷேஸ் மயானத்துக்குப் போனேன். 1871 மே 28ஆம் திகதி கம்யூன் வீரர் 147 பேர் நிறுத்திச் சுடப்பட்ட சுவர் அங்கே இருக்கிறது. மழை தூறியது. யாரோ வைத்த சிவந்த மலர்கள் நனைந்து கிடந்தன. அங்கிருந்து லா ஷப்பல் பகுதிக்குச் சென்றேன். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் புடைவையும் தங்கநகையும் விற்கும் நம்மவர் தெரு அது. ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் இடமில்லாமையால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரின் மேசையிலே அமர்ந்தேன்.

“பிள்ளை, ஊர் எவடம்?”

“ஹட்டன் பக்கம், ஐயா.”

“ஓ... தோட்டமோ?”

“தோட்டந்தாங்க.”

அவர் சிறிது நேரம் பேசாமற் சாப்பிட்டார். பின்பு அன்பாகவே சொன்னார்: “எங்கட வீட்டிலையும் மலைநாட்டுப் பெடியன் ஒருத்தன் நிண்டவன். எட்டு வயசில வந்தவன். நல்ல பெடியன்.”

“அவரு பேரு என்னங்க?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “மறந்து போச்சு பிள்ளை” என்றார்.

அதன் பிறகு தம் கதையைச் சொன்னார். 1985இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் வந்தவர். அங்கிருந்து நகரப் புகையிரதத்தில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்கிவிட்டார். அந்தக் கோட்டை ஓர் எல்லையென்று ஒப்புக்கொள்ள மேற்கு நாட்டினர் விரும்பாததால், அவர்கள் பக்கத்தில் வீசா பார்க்கும் காவல் இருக்கவில்லை. அரசியற் பிடிவாதமொன்று அகதிகளுக்கு வாயிலாக அமைந்தது. நம்மவர் ஆயிரக்கணக்கில் அவ்வழியே வந்தனர். 1986இல் அதுவும் அடைக்கப்பட்டது. பின்னர் அவர் பாரிசுக்கு வந்து, உணவகமொன்றின் நிலவறைச் சமையலறையிற் கோப்பை கழுவத் தொடங்கினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதே வேலை. இரு கைகளிலும் தோல் வெடித்திருந்தது. தம்பிமார் இருவரைப் படிப்பித்தார். மூன்று தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்தார். “முதலாளி நல்லவன். ஆனா இண்டைக்கும் என்ர பேரைச் சரியாச் சொல்ல மாட்டான்” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை. அவர் இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னார். இரண்டுக்கும் உறவு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் கொழும்பு வீடுகளிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பாத்திரம் தேய்த்து வளர்ந்த வரலாற்றை நம் இலக்கியகாரர் ஓரிருவரே எழுதியிருக்கிறார்கள். தமிழர் துயரம் என்று நாம் பேசும்போது அது பெரும்பாலும் பேச்சில் இடம்பெறுவதில்லை. என் அம்மாவின் தம்பி ஒருவர் ஒன்பது வயதில் அவ்வாறு யாழ்ப்பாணம் போனவர். 1983க்குப் பின் அவரைப்பற்றித் தகவலில்லை. அதனை அவரிடம் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்து, மாமாவின் பெயரைக் கேட்டு, ஒரு சிறு காகிதத்தில் எழுதிக்கொண்டார். என் சாப்பாட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். எவ்வளவு மறுத்தும் விடவில்லை.

2024 பெப்ரவரி 12ஆம் திகதி, நாடு திரும்புவதற்குச் சில தினங்கள் முன்பு, மீண்டும் கார்ல் மார்க்ஸ் ஹோஃபுக்குப் போனேன். சரியாகத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், அதே நாளில், டொல்பூசின் சர்வாதிகார ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளர் ஆயுதம் ஏந்தினர். இராணுவம் இக்குடியிருப்பின்மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. வீடுகளிலே பெண்களும் பிள்ளைகளும் இருந்தனர். எதிர்ப்பு சில தினங்களில் ஒடுக்கப்பட்டது. காயமுற்றிருந்த கார்ல் முனிக்ரைட்டர் என்ற தொழிலாளியைக் காவுபடுக்கையிலேயே கொண்டுபோய்த் தூக்கிலிட்டனர். கட்சி தடைசெய்யப்பட்டது, கட்டடத்தின் பெயரும் நீக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் ஹிட்லர் அந்நகருக்குள் வந்தான். நல்ல வீடுகளைக் கட்டினால் மட்டும் போதாது போலும். 1945இன் பின்னரே பழைய பெயர் மீண்டது. வளைவின் அருகே பூக்கள் குவிந்திருந்தன. மேல்மாடி ஒன்றிலே யாரோ கம்பளி விரிப்பை உதறிக் கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்து இப்பொழுது என்ன செய்கிறாய் என்று நண்பர் பலர் கேட்கிறார்கள். எங்கள் தோட்டத்தில், 2017இல் அறிவிக்கப்பட்ட பத்தாயிரம் இந்திய வீட்டுத்திட்டத்தில், ஏழு பேர்ச் காணியோடு வீடு கிடைக்கும் என்று பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் பலர் இன்னும் லயத்திலேயே இருக்கிறார்கள். நானும் தோட்டப் பாடசாலையின் இரு ஆசிரியர்களும் சேர்ந்து, மரியந்தால் ஆராய்ச்சியாளரின் முறையிலே, வீட்டுக்கு வீடு ஒரு தாளைக் கொடுத்து, காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தார்கள் என்பதை எழுதுவித்து வருகிறோம். எழுதத் தெரியாதோருக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு, வாரத்தில் மூன்று மாலைகள் பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கிறோம்; காணி உறுதி, சேமலாப நிதி பற்றிய கடிதங்களையும் எழுதிக் கொடுக்கிறோம். மேற்பிரிவில் நாற்பத்திரண்டு தாள்கள் சேர்ந்துவிட்டன. அம்மாவின் தாளில் நாள் காலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. அதில் தண்ணீருக்காகப் பீலியிலே நின்ற நேரம் மட்டும் ஒரு மணியும் பத்து நிமிடமும். அடுத்த ஞாயிறு கீழ்ப்பிரிவுக்குப் போகிறோம்.